பதினேழாம் நம்பர் குண்டு

நம்ம அஞ்சாம் வகுப்பு குரூப்பில் நேற்று யாரோ ஊர் ஸ்டேஷனின் புதுப் படத்தைப் போட்டிருந்தீர்கள். அகலப்பாதை, தலைக்கு மேல் மின்சாரக் கம்பி, ஆளே இல்லாத டிக்கெட் ஜன்னல். அதற்குக் கீழே நூறு மெசேஜ். "குண்டு தேடின அன்னிக்கு லீவு விட்டாங்கல்ல?" என்று ஒருத்தன். "லீவு இல்லடா, டீச்சரே வரிசையா கூட்டிட்டுப் போனாங்க" என்று ஒருத்தி. "கடைசியில அது எங்கதான் கெடைச்சுது?" என்று கேட்டதற்கு மட்டும் பதிலே இல்லை. முப்பது வயதைத் தாண்டியவுடன் நமக்கெல்லாம் கிழடு தட்டிவிட்டதா என்ன?

உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த நாளின் முதல் பாதியைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். மதியம் உங்களை மறுபடி வகுப்புக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் மட்டும் நழுவிவிட்டேன். ஏனென்றால் அது எங்கள் வயல்.

குரூப்பில் அடிக்க ஆரம்பித்தேன், கட்டைவிரல் வலித்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், நடுவில் தம்ஸ்-அப் போட்டுவிட்டு ஓடாதீர்கள்.

முதலில் குண்டு என்றால் என்னவென்று உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. நான் அதைத் தெரிந்துகொண்ட விதமே எனக்கு ஓர் அதிசயம். அப்பாவுக்கு வயலுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுபோகும் வழியில் ஸ்டேஷன் மாஸ்டர் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே எப்போதும் கறுப்பு எண்ணெய், பழைய காகிதம், அட்டை டிக்கெட் எல்லாம் கலந்த ஒரு வாசனை வரும். மேஜைக்குப் பின்னால் என் உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி நின்றது. அதில் ஒரு மணி, ஒரு முள். தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் அண்ணன் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது அவருக்கு. ஸ்டேஷனை ஒட்டிய குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். அவர் மனைவியை அக்கா என்போம், அக்காவுக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம்.

"இதுக்குள்ள இரும்புக் குண்டு இருக்கு பாப்பா. ரயில்வேயில டோக்கன்னு பேரு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் உண்டு. கிரிக்கெட் பந்து சைஸ். பக்கத்து ஸ்டேஷன்லயும் இதே மாதிரி ஒரு பெட்டி. அங்க ஒருத்தர் பட்டனை அமுக்கிப் புடிச்சாத்தான் இங்க குண்டு வெளிய விழும். ஒண்ணு வெளிய இருக்கிற வரைக்கும் அடுத்தது வராது. நீ தலைகீழா நின்னாலும் வராது."

"வந்தா என்னாகும்?"

"வந்தா ரெண்டு வண்டி ஒரே பாதையில எதிரும் புதிருமா வரும்."

அந்தக் குண்டைத் தோல் பையில் போட்டு, பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி, டிரைவரிடம் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்த மாட்டார். அடுத்த ஸ்டேஷனில் அவர் அதைத் திருப்பிக் கொடுத்து, அதை அங்கிருக்கும் பெட்டிக்குள் போட்ட பிறகுதான் அந்தப் பாதை காலி என்று பெட்டி ஒப்புக்கொள்ளும். யோசித்துப் பாருங்கள். எத்தனை நூறு பேர் தூங்கிக்கொண்டும் வேர்க்கடலை தின்றுகொண்டும் வருகிறார்கள், அவர்களின் உயிர் மொத்தமும் ஒரு இரும்பு உருண்டையில். இன்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. நான் வேலை பார்ப்பதும் கம்ப்யூட்டரோடுதான். ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பெட்டி முன்னால் நின்றபோது வந்த புல்லரிப்பு அதற்குப் பிறகு எந்த இயந்திரத்தின் முன்னாலும் எனக்கு வரவில்லை.

நம் ஊரில் நிற்காத வண்டி ஒன்று உண்டு, ஞாபகமிருக்கிறதா? காலை ஒன்பது மணி வாக்கில், மாயவரம் பக்கமிருந்து வரும். நிற்காத வண்டிக்கும் குண்டு மாற்றியாக வேண்டுமே! பிளாட்பாரத்தில் அண்ணன் ஒரு வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். எஞ்சினிலிருந்து ஒரு கை இந்த வளையத்துக்குள் நுழைந்து அள்ளிக்கொள்ளும். அதே நொடியில் இன்னொரு கை பழைய வளையத்தை வீசும். டமார் என்று அது பிளாட்பாரத்தில் விழுந்து சறுக்கும். டீசல் புகையும் சரளைக்கல் தூசியும் மூக்கில் ஏற, ஒரு கண் சிமிட்டலில் எல்லாம் முடிந்துவிடும். நாம் கைதட்டுவோம். அண்ணன் சலாம் போடுவார்.

அன்றைக்கு அவர் சலாம் போடவில்லை. விழுந்த வளையத்தை எடுத்தார். பையின் வார் அறுந்திருந்தது. உள்ளே குண்டு இல்லை.

அதுதான் உங்களுக்குத் தெரிந்த பாதி. டீச்சர் நம்மை நடத்திக்கொண்டு போனது, பிளாட்பாரத்துப் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தது, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததற்கு ஒருத்தன் அடி வாங்கியது எல்லாம். நாம் சிரித்துக்கொண்டுதான் தேடினோம். டிக்கெட் ஜன்னல் பக்கம் நின்ற பெரியவர்களும் சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள்.

"இவனும் வித்துட்டானா?"

"எடைக்குப் போட்டா நல்ல வெலைதான் போகும்."

"நம்ம ஊரு ஸ்டேஷனுக்கு வந்த ராசி அப்படி. குண்டுக்காரருக்கு ஜோடி கெடைச்சாச்சு."

குண்டுக்காரர். ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். நாமும் அப்படித்தானே கூப்பிட்டோம்? டியூபுக்குக் காற்று அடித்துக்கொண்டு, "குண்டுக்காரரே, இன்னும் ரெண்டு பம்ப் அடிங்க" என்று. ஏன் அந்தப் பெயர் என்று நம்மில் ஒருத்தரும் கேட்டதில்லை. அன்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் அவரும் இதே ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். இதே நிற்காத வண்டி, இதே புரட்டாசி மாதம், பை காலியாக வந்து விழுந்திருக்கிறது. இரும்புக் கடையில் போட்டுவிட்டார் என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் அந்த கேட்டைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்ததில்லை. மாயவரம் போவதென்றாலும் பஸ்தான். "திருடினவனுக்கு உள்ள வர எப்படி மூஞ்சி இருக்கும்?" என்று ஊர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தது.

மறுநாள் முதல் பாசஞ்சரில் ரயில்வே இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. அதற்குள் குண்டு கிடைக்காவிட்டால் அண்ணனுக்கும் அதே கதிதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குவார்ட்டர்ஸ் வாசலில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த டீ ஆடை கட்டி அப்படியே இருந்தது.

மதியம் நான் தூக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். பிளாட்பாரம் முடிந்து, சின்ன மதகு ஒன்றைத் தாண்டினால், தண்டவாளத்தை ஒட்டினாற்போல எங்கள் வயல். சம்பா நட்டு நாலே நாள். தண்ணீருக்கு மேல் விரல் நீளத்துக்கு நாற்று நின்றது, காற்று அடித்தால் சாய்ந்து சாய்ந்து எழும். வரப்பில் அப்பா. எதிரே ஸ்டேஷன் மாஸ்டர், மலையாளக்காரர், வெள்ளைப் பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டிருந்தார். பக்கத்தில் அண்ணன்.

"ஒரு மணி நேரம் மட்டும் விடணும். ஆட்களை நான் கொண்டுவரேன்," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"சார், நட்டு நாலு நாள்தான் ஆவுது. வேர் புடிக்கல. இப்ப ஆள எறக்குனா அத்தனையும் மெதந்துரும். அப்புறம் நாத்துக்கு நான் எங்க சார் போவேன்?"

"இந்தப் பையனோட வேலை போயிடும்."

"எனக்கு மட்டும் சந்தோஷமா சார்? ஆனா குண்டு இவ்வளவு தூரம் வராது. அந்தக் காலத்துல தொலைஞ்சப்பவே இங்க பூரா தேடிப் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல."

இதைச் சொல்லும்போது அப்பா என்னைப் பார்த்தார். உடனே தூக்கைப் பார்த்தார். அப்போது எனக்கு அது ஒன்றாகவே படவில்லை.

"யாரு தேடுனா?"

குரல் மாட்டுவண்டிப் பாதையிலிருந்து வந்தது. சைக்கிள் கடைக்காரர். கையெல்லாம் கிரீஸ், தோளில் அழுக்குத் துண்டு. ஸ்டேஷன் வழியாக வராமல் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது.

"நான் தேடலீங்க. கால் வைக்காதேன்னு சொல்லிட்டாரு உங்க அப்பா. இதே வரப்பு. நீங்க அவரு பக்கத்துல நின்னீங்க, இந்தப் பாப்பா ஒசரம்தான் இருப்பீங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட தேடியாச்சுன்னு சொன்னாரே, யாரு தேடுனா?"

அப்பா குனிந்து, சாய்ந்திருந்த ஒரு நாற்றை நிமிர்த்தி வைத்தார்.

சைக்கிள் கடைக்காரர் சண்டைக்கு வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "சார், எல்லாரும் வளையம் விழுந்த எடத்துல தேடுறாங்க. வளையம் சறுக்கி நின்னுரும். குண்டு நிக்காது. அதுக்கு வண்டியோட வேகம் இருக்கு, கல்லுல பட்டு வண்டி போற பக்கமே தெறிக்கும். மதகைத் தாண்டி, அதோ அந்த மூலை. தெனம் வண்டி போறப்பல்லாம் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

தினம். முப்பது வருடம். கல்லூரியில் இதைச் சூத்திரமாகப் படித்தபோது பாதி வகுப்பில் எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. பஞ்சர் ஒட்டிக்கொண்டே அந்த மனிதர் கண்ணால் கணக்குப் போட்டு முடித்திருந்தார்.

அண்ணன் அப்பாவின் காலில் விழப் போனார். அப்பா பதறி அவர் தோளைப் பிடித்தார். "ஏம்ப்பா, இதெல்லாம் என்ன..." என்றவர் பாதியில் நிறுத்தி, பக்கத்து வயலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அங்கே நட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் எங்கள் வயலையும் நட்டவர்கள். பன்னிரண்டு பெண்கள். அவர்களுக்கு முன்நின்று நடத்துகிற அக்கா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா நாலு ஆம்பளைங்க காலைலேருந்து முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"நாத்து மிதிபடக் கூடாதும்மா," என்றார் அப்பா.

"நட்ட கைக்குத் தெரியாதாங்க நாத்து எங்க இருக்குன்னு? நீங்க ஓரமா நில்லுங்க. சார், நீங்களும்தான். பேண்ட்டோட எறங்குனீங்கன்னா உங்களத் தேட வேற ஆள் வரணும்."

அதற்குப் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்ல? பன்னிரண்டு பேரும் மூலையிலிருந்து ஒரே வரிசையாக இறங்கினார்கள். நடும்போது பின்னால் பின்னால் போவார்களே, இப்போது அதையே முன்னோக்கிச் செய்தார்கள். கால் வைத்த இடமெல்லாம் நட்ட அன்று அவர்களே விட்டுவைத்த இடைவெளி. குனிந்த முதுகு நிமிரவில்லை. இரண்டு கையும் முழங்கை வரை சேற்றுக்குள். நாற்றின் வேருக்குக் கீழே, நாற்றுக்குத் தெரியாமல், விரல்கள் போய்வந்தன. கண்ணை யாரும் தண்ணீரில் வைக்கவில்லை. தூரத்தில் எங்கேயோ பார்த்தபடி கதை பேசிக்கொண்டே போனார்கள். ஒருத்தர் சட்டியை எடுத்தார், ஒருத்தர் நத்தை எடுத்தார், ஒருத்தர் வளையல் துண்டு எடுத்துக் காட்டி, "ஏ, இது உன்னோடதுதானடி" என்றார். ஒரு நாற்றுகூட மிதக்கவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினேன். ஒன்றுகூட.

வயலின் அந்த மூலையில் ஏர் திரும்ப இடமிருக்காது. மண்வெட்டியால் கொத்திவிடுவதோடு சரி. சேறு ஆழம். அங்கே கடைசியில் நின்றிருந்தவர் தோள்பட்டை வரை கையை விட்டுவிட்டு அப்படியே நின்றார்.

"அக்கா. உருண்டையா இருக்கு."

அண்ணன் வரப்பில் ஓடினார், வழுக்கி விழுந்தார், எழுந்து ஓடினார். சேறு வழிகிற அந்த உருண்டையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் அதை வாய்க்காலில் கழுவினார். கழுவக் கழுவ அவர் முகம் மாறியது.

"இது நம்முடையது அல்ல."

கறுப்பாக இருந்தது, அம்மைத் தழும்பு விழுந்தாற்போல. காலையில் தொலைந்தது பளபளக்கும் எஃகு. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சைக்கிள் கடைக்காரர் மட்டும் நின்ற இடத்திலிருந்து அசையாமல் கேட்டார்.

"நம்பர் பதினேழான்னு பாருங்க சார்."

ஸ்டேஷன் மாஸ்டர் விரல் நகத்தால் சுரண்டினார். இரண்டு ஊர்களின் எழுத்துகள் முதலில் தெரிந்தன. பிறகு ஓர் ஒன்று. பிறகு ஓர் ஏழு.

களிமண் காற்றைப் புக விடாது, அதனால்தான் எழுத்து அழியாமல் இருந்தது என்று இப்போது என்னால் விளக்க முடியும். விளக்கி என்ன ஆகப் போகிறது? முப்பது தடவை உழுது, முப்பது தடவை நட்டு, அறுத்து, அந்த நெல்லை நாங்கள் தின்று வளர்ந்திருக்கிறோம். அத்தனை வருடமும் ஒரு மனிதரின் பெயர் அந்தச் சேற்றுக்குள் கிடந்திருக்கிறது.

அப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "தேடவே இல்லீங்க," என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. "எங்க அப்பா தேடவே இல்ல. நாத்து போயிரும்னு... அப்படிச் சொல்லி அனுப்பிட்டாரு. எனக்குத் தெரியும். எனக்கு அப்பவே தெரியும்."

அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. அன்று அவர் காலடியில் சோற்றுத் தூக்கோடு நின்றேன். என் அப்பாவும் ஒரு காலத்தில் என் உயரத்தில் ஒரு பொய்க்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார் என்பது எனக்கு விளங்க இன்னும் பல வருடம் ஆனது.

வயலுக்குள் நடவுக்கார அக்கா மட்டும் வேலையை நிறுத்தவில்லை. "பழசு இங்க இருந்தா புதுசும் இங்கதான்டி இருக்கும். குனிங்க," என்றார். கொஞ்ச நேரத்தில் அதுவும் வந்தது, பழையது கிடந்த இடத்திலிருந்து எட்டு அடி தள்ளி. இரண்டு வண்டிகள், நடுவில் முப்பது வருடம், எட்டு அடி. நண்பர்களே, இதை எழுதும்போதும் எனக்கு மயிர் கூச்செறிகிறது.

அண்ணன் புதுக் குண்டைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தோடு ஓடினார். குவார்ட்டர்ஸ் வாசலில் அக்கா எழுந்து நிற்பது எங்களுக்கே தெரிந்தது. நாங்கள் பின்னால் நடந்தோம். ஸ்டேஷன் கேட்டு வந்ததும் சைக்கிள் கடைக்காரர் நின்றார். ஸ்டேஷன் மாஸ்டர் பழைய குண்டை அவரிடம் நீட்டினார்.

"நீங்களே கொண்டுவாங்க."

அவர் துண்டால் கையைத் துடைத்தார். கிரீஸ் போகவில்லை, மறுபடி துடைத்தார். வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். அறையில் ஆணியில் தொங்கிய ஒரு வளையத்தை எடுத்து, குண்டைப் பையில் போட்டு, வாரைக் கட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு வளையத்தை நீட்டி நிமிர்ந்து நின்றார். அறுபது வயதிருக்கும், அந்த நிமிஷம் அண்ணனைவிட இளையவராகத் தெரிந்தார்.

"டோக்கன் ஒப்படைக்கிறேன் சார். பதினேழு."

ஸ்டேஷன் மாஸ்டர் சிரிக்கவில்லை. புதுக் குண்டைப் பெட்டிக்குள் போட்டு முடித்துவிட்டு, வண்டிகள் வந்து போகிற நேரம் எழுதும் பெரிய ரிஜிஸ்தரைத் திறந்தார். சட்டப்படி அதை எழுதலாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேனாவை எடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பெற்றுக்கொண்ட நேரம் நாலு மணி பத்து நிமிடம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். கோட்டோடு கோடாக விரலை நகர்த்தியவர் ஒரு கட்டத்தில் நின்றார்.

"தாமதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?"

வாசல்படியில் சேற்றுக் காலோடு நின்ற அப்பாதான் சொன்னார்.

"எங்க அப்பான்னு எழுதுங்க சார்."

சைக்கிள் கடைக்காரர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தெரிந்த வயலைப் பார்த்தார். அங்கே பெண்கள் வரப்பில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம் சார். நடவுன்னு எழுதுங்க."

ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தமிழ் எழுத்து தட்டுத்தடுமாறித்தான் வரும். நிதானமாக, ஆங்கிலக் கட்டத்துக்குள், மூன்று எழுத்து எழுதினார். மை காய்வதற்குள் பெட்டியின் மணி அடித்தது. பக்கத்து ஊர் பாதை கேட்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் நிமிர்வதற்கு முன்பே சைக்கிள் கடைக்காரரின் தலை பெட்டியின் முள் பக்கம் தானாகத் திரும்பியது.

"குடுத்துருங்க சார்," என்றார். "பாதை காலியாத்தான் இருக்கு."